கைவிடப்பட்ட பெண்ணின் ஹக்கும் நம் ஜமாஅத்துகளின் முத்திரையும்



கணவனால் கைவிடப்பட்ட ஏழைப் பெண்ணுக்குத் தமிழக அரசு மாதம் 1200 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. அந்தத் தொகைக்கு முழுத் தகுதியுள்ள நம் சமுதாயப் பெண்கள் அதைப் பெறாமலேயே ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவதை நம் ஊர்களில் கண்கூடாகக் காண்கிறோம். இதற்கு அரசு வகுத்த விதி ஒரு பாதிக் காரணம் என்றால், மறுபாதிக் காரணம் நாம். அரசின் குறைகளைப் பேச நமக்கு மேடைகள் குறைவில்லை. நம் பக்கத்துக் குறையைப் பேசும் மேடைகள்தாம் மிகக் குறைவு. ஆகவே இக்கட்டுரையில் அதையே முதன்மையாகப் பேசத் துணிகிறோம்.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில் அய்யம்பேட்டை, சக்கராப்பள்ளி, வழுத்தூர், பண்டாரவாடை, ராஜகிரி என்று நம் ஊர்கள் வரிசையாக வருகின்றன. தெற்கே மதுக்கூர், அதிராம்பட்டினம். கிழக்கே கூத்தாநல்லூர், பொதக்குடி. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பின்னர் வளைகுடாவுக்கும் சென்ற சபுராளிகள் கட்டிய பெரிய வீடுகளைப் பார்த்துச் செல்வோர், இங்கே வறுமையே இல்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த வீடுகளின் பின்கட்டில் பாத்திரம் துலக்குபவள் யார், விடியுமுன் இடியாப்பம் பிழிந்து தெருத்தெருவாகக் கொடுத்தனுப்புபவள் யார், விசேஷ வீடுகளில் மூன்று நாள் சமையலுக்கு உழைத்துவிட்டு மீந்த சோற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்டு போகிறவள் யார் என்று விசாரித்தால், அவர்களில் கணிசமானோர் கணவன் இருந்தும் இல்லாதவர்கள் என்பது புலப்படும். மதரஸாவில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய், விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டதும் தலை குனிகிறாள். எங்கே இருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியாது. ஓதிக்கொடுக்கும் நமக்கு இது பழகிப்போன காட்சியாகிவிட்டது. பழகிப்போனதால் அது நியாயமாகிவிடாது.

இத்தகைய பெண்களுக்காகவே தமிழக அரசு 1986ஆம் ஆண்டில் ஒரு தனி உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 1962இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கப்பட்ட முதியோர் உதவித்தொகையும், 1975இல் வந்த ஆதரவற்ற விதவையர் உதவித்தொகையும் அதற்கு முன்னோடிகள். 2011இல் 1000 ரூபாயாக உயர்ந்த தொகை, 2023 ஆகஸ்டு முதல் 1200 ரூபாயாக உள்ளது. கைவிடப்பட்ட பெண்களுக்கான திட்டத்தின் தகுதி விதி என்ன? வயது 30 நிறைந்திருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அத்துடன் மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும்: சட்டப்படி விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது கணவனால் கைவிடப்பட்டு 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகியிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி பிரிந்து வாழ்வதற்கான சான்றிதழைத் தகுதி வாய்ந்த நீதிமன்றத்திடமிருந்து பெற்றிருக்க வேண்டும்.

‘சட்டப்படி விவாகரத்து’ என்ற அந்த இரண்டு சொற்களில்தான் நம் பெண்கள் சிக்கிக்கொள்கிறார்கள். கணவன் தலாக் சொல்லிவிட்டான். ஜமாஅத்தார் கூடி, தப்தரில் எழுதி, பள்ளிவாசல் முத்திரையிட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தி, இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்கிறாள். ‘கோர்ட்டு ஆர்டர் இருக்கிறதா அம்மா?’ என்று கேட்டால், அவளிடம் விடையில்லை. ஊரே ஒப்புக்கொண்ட கடிதத்தை அரசு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு விளங்குவதில்லை. விளக்க வேண்டிய நாமும் விளக்குவதில்லை.

நீதிமன்றங்கள் இதுபற்றி மௌனமாக இருந்ததும் இல்லை. ஃபத்வாவுக்கும் தாருல் கழாவின் முடிவுக்கும் சட்ட வலிமை கிடையாது, அவற்றை எவர்மீதும் திணிக்க முடியாது என்று 2014 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமைக் காஜி வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துரை மட்டுமே, 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் அளிக்கவில்லை என்று 2017 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கு அது. ஷரீஅத் மன்றம் ஒன்று ஒரு பெண்ணுக்கு வழங்கிய குலா சான்றிதழை 2023இன் தொடக்கத்தில் அதே உயர்நீதிமன்றத்தின் நீதியரசர் சி. சரவணன் ரத்து செய்தார். குலா பெறுவது பெண்ணின் உரிமைதான் என்பதை ஏற்றுக்கொண்ட அவர், அதற்குக் குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்றார். 2024 அக்டோபரில் மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவி மறுக்கும் தலாக்கைக் கணவன் நீதிமன்றத்தில்தான் நிறுவ வேண்டும் என்றும், ஷரீஅத் மன்றம் தனியார் அமைப்பேயன்றி நீதிமன்றமாகாது என்றும் தீர்ப்பளித்தார்.

பத்து ஆண்டுகளில் நான்கு தீர்ப்புகள். நான்கும் ஒரே திசையில். இவை வந்த பின்னரும் நம் ஊர் ஜமாஅத்துகளில் பழைய முறையிலேயே கடிதம் எழுதி, முத்திரையிட்டு, ‘முடிந்தது, போய் வா தாயே’ என்று அனுப்புகிறார்கள். அந்தக் கடிதம் அவளுக்கு எந்தக் கதவையும் திறக்காது என்று தெரிந்தே கொடுக்கிறார்களா, தெரியாமல் கொடுக்கிறார்களா? தெரியாமல் என்றால், அடுத்தவர் வாழ்க்கையின் மீது முடிவெழுதும் இடத்தில் அமர்ந்திருப்பவர் அதைக் கற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர். தெரிந்தே என்றால், அதற்கு மறுமையில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

‘ஷரீஅத்தில் நீதிமன்றம் தலையிடுகிறது’ என்பதே நம்மில் பலர் இதற்குச் சொல்லும் பதில். இந்தப் பதிலை ஃபிக்ஹின் அடிப்படையிலேயே நாம் உரசிப் பார்க்க வேண்டும். காவிரிப் படுகையில் ஹனஃபி மத்ஹபினரும் இருக்கிறோம். கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் இருக்கிறார்கள். இரண்டு மத்ஹபுகளிலும் காழியின் அதிகாரம் அவரை நியமிக்கும் ஆட்சியிடமிருந்தே வருகிறது. ஆட்சியின் நியமனம் இல்லாதவர் இரு தரப்பும் மனமொப்பி அமர்த்திக்கொண்ட நடுவராக இருக்கலாம். அதைத் தஹ்கீம் என்கிறோம். இரு தரப்பின் ஒப்புதலே அதற்கு அடித்தளம். நம் ஜமாஅத் கூட்டங்களில் அந்தப் பெண்ணின் ஒப்புதலை யார் கேட்டார்கள்? பல ஊர்களில் அவளைக் கூட்டத்துக்குக் கூட அழைப்பதில்லை. அவள் தகப்பனோ அண்ணனோ பள்ளிவாசல் தாழ்வாரத்தில் கைகட்டி நிற்க, அவள் வீட்டில் அமர்ந்தபடியே விவாகரத்தாகிறாள். இதற்கு ஷரீஅத் என்று பெயர் வைத்துவிட்டு, அதைக் காப்பாற்ற வேண்டும் என்று கோஷமிடுவது அல்லாஹ்வின் மார்க்கத்துக்குச் செய்யும் அநீதி.

மூன்று தலாக்கை ஒரே மூச்சில் சொல்லி அனுப்பப்பட்டவளின் நிலை இன்னும் மோசமானது. அந்த முறை செல்லாது என 2017 ஆகஸ்டு 22 அன்று ஷாயரா பானு வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாகவும் ஆக்கியது. அச்சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் பற்றி நமக்கு ஆட்சேபங்கள் உண்டு. அது வேறொரு நாளைக்கு. இங்கே பார்க்க வேண்டியது அவள் நிலையை. ஊரின் பார்வையில் அவள் தலாக் ஆனவள். இத்தா இருந்து முடித்தவள். சட்டத்தின் பார்வையில் அந்தத் தலாக் நிகழவே இல்லை; அவள் இன்னும் அவன் மனைவி. ஆகவே ‘விவாகரத்தானவர்’ என்ற வரிசையில் அவளுக்கு இடமில்லை. ‘கைவிடப்பட்டவர்’ என்ற வரிசையில் நிற்பதென்றால் 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த 5 ஆண்டுகளும் அவளும் பிள்ளைகளும் எதைச் சாப்பிடுவார்கள் என்று தலாக் கடிதத்தில் கையெழுத்திட்ட எவரும் கேட்பதில்லை.

மனைவியாகவும் இல்லாமல் விடுதலை பெற்றவளாகவும் இல்லாமல் ஒரு பெண்ணைத் தொங்கவிடுவது அறியாமைக் காலத்து அரபியரின் வழக்கம். ளிஹார் என்ற பெயரில் அதைச் செய்தார்கள். அந்த அநீதிக்கு ஆளான கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து வாதாடினார்கள். அவர்களின் முறையீட்டைக் கேட்டதாக அல்லாஹ் அறிவித்து, அதற்கென்றே வசனங்களை இறக்கினான். அல்முஜாதலா என்ற 58ஆம் அத்தியாயத்துக்குப் பெயர் வந்ததே அந்த வாதாட்டத்தால்தான். ‘பெண் பிள்ளை கோர்ட்டுப் படி ஏறலாமா?’ என்று கேட்கும் பெரியவர்கள் இந்த அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைத்த பெண்ணை அல்லாஹ் கண்டிக்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டான்.

இனி அரசின் பக்கம் வருவோம். 5 ஆண்டுகள் என்ற விதிக்கு என்ன நியாயம்? 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், கணவன் 2 ஆண்டுகள் ஜீவனாம்சம் கொடுக்கத் தவறினாலே மனைவி நீதிமன்றத்தில் திருமண முறிவு கோரலாம் என்கிறது. கணவன் இருக்கும் இடமே தெரியவில்லை என்றால் 4 ஆண்டுகள். இச்சட்டம் உருவாக வழிவகுத்தவர்கள் ஆலிம்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஹனஃபி மத்ஹபில் நஃபகா கொடுக்காத கணவனிடமிருந்து விடுபட வழியின்றிப் பெண்கள் தவித்ததையும், சிலர் மார்க்கத்தையே விட்டு விலகும் அளவுக்குத் தள்ளப்பட்டதையும் கண்ட மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், 1930களின் தொடக்கத்தில் ‘அல்-ஹீலத்துன் நாஜிஸா’ என்ற நூலில் மாலிகி மத்ஹபின் தீர்வை எடுத்துக்கொள்ளலாம் என வழிகாட்டினார்கள். பெண்ணின் துயரைக் கண்டு, தம் மத்ஹபின் எல்லைக்கு வெளியே சென்று தீர்வு தேடிய ஆலிம்களின் வாரிசுகள் நாம். திருமணத்தையே முறித்துக்கொள்ள 2 ஆண்டுப் பட்டினி போதும் என்று சட்டம் ஏற்கும்போது, 1200 ரூபாய்க்கு மட்டும் 5 ஆண்டுப் பட்டினி வேண்டும் என்பதில் நீதியும் இல்லை, தர்க்கமும் இல்லை.

தகுதி விதி ஒன்று மக்களை வதைக்கும்போது ஆட்சியாளர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முன்மாதிரி இருக்கிறது. பைத்துல்மாலிலிருந்து குழந்தைகளுக்கு வழங்கப்படும் தொகை, பால்குடி மறந்த பிறகே என்பது அவர்கள் முதலில் வகுத்த விதி. ஓர் இரவு நகர்வலத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். அந்தத் தொகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தாய் தன் குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால்குடி மறக்கச் செய்கிறாள் என்று தெரிந்தது. தாம் வகுத்த விதி ஒரு குழந்தையை அழ வைத்ததை எண்ணி அவர்கள் கண்ணீர் விட்டார்கள். பிறந்த நாளிலிருந்தே தொகை வழங்கப்படும் என்று விதியை மாற்றி, அதை எல்லா ஊர்களுக்கும் அறிவித்தார்கள். ‘விதி அப்படி இருக்கிறது, நாங்கள் என்ன செய்வது?’ என்று சொல்லும் எந்த அலுவலருக்கும், எந்த அமைச்சருக்கும் இச்சம்பவத்தில் பாடம் உண்டு. 5 ஆண்டுகளை 2 ஆண்டுகளாகக் குறைக்கும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. எல்லா மதத்தையும் சார்ந்த கைவிடப்பட்ட பெண்களுக்குமாகச் சேர்த்தே நாம் இதைக் கேட்க வேண்டும்.

ஆனால் கேட்பதற்கு முன் நம் வீட்டுத் திண்ணையில் நிலவும் இன்னொரு பேச்சை முறித்தாக வேண்டும். ‘நம் வீட்டுப் பெண் அரசாங்கப் பணத்துக்குக் கை நீட்டுவதா? மானம் போகாதா?’ என்பது அந்தப் பேச்சு. மானம் பற்றிய இந்தக் கவலை, அவள் நான்கு வீட்டுப் பாத்திரம் துலக்கும்போது எங்கே போயிருந்தது? ரமளானில் ஸகாத் வாங்கப் பணக்கார வீட்டு வாசலில் வெயிலில் வரிசையாக நிற்கும்போது எங்கே போயிருந்தது? ஊரார் முன்னிலையில் 100 ரூபாய்க்கு வரிசையில் நிற்பது மானத்துக்குப் பொருத்தமானது, வங்கிக் கணக்கில் யாரும் அறியாமல் வந்து சேரும் தொகை மானக்கேடு என்றால், அது யாருடைய மானம்? அவளுடையதா, கொடுப்பதைப் பிறர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுடையதா?

ஏழைக்குச் சேர வேண்டியதை இஸ்லாம் பிச்சை என்று அழைக்கவில்லை; ஹக் என்று அழைக்கிறது. செல்வந்தரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை இருப்பதாகவே குர்ஆன் பேசுகிறது. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்துக்குரிய எட்டு வகையினரை எண்ணும்போது ஃபகீர்களையும் மிஸ்கீன்களையுமே முதலில் வைக்கிறது. யூத முதியவர் ஒருவர் தெருவில் யாசிப்பதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் பொது நிதியிலிருந்து வழங்க உத்தரவிட்டதை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்கிறார்கள். நம் பெண்ணும் வரி கொடுத்தவள்தான். அவள் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் வரி இருக்கிறது. அவள் கேட்பது தானும் சேர்ந்து நிரப்பிய கருவூலத்திலிருந்துதான்.

நாட்டின் உச்சநீதிமன்றமும் இதே கருத்தைத் தன் மொழியில் சொல்லியிருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று அது பிறப்பித்த இடைக்கால ஆணை, தேசிய முதியோர் உதவித்தொகை உள்ளிட்ட திட்டங்களை ஆட்சியாளர் மனம் வைத்தால் கொடுக்கும் கொடை என்ற நிலையிலிருந்து, பயனாளி கேட்டுப் பெறும் உரிமை என்ற நிலைக்கு உயர்த்தியது. உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும் என்றும் அந்த ஆணை குறிப்பிட்டது. உரிமையுள்ளவள் உரிமையைக் கேட்பதில் இழிவு எங்கிருந்து வந்தது?

உரிமை என்று சொல்லும்போதே அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கருக்கு மிகக் கூடாது, ஆண்டு மின் நுகர்வு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்புகள் வைத்தார்கள். 5 ஏக்கர் என்றால் நம் பக்கத்துக் கணக்கில் பதினைந்து மா. அதற்கு மேல் நிலம் வைத்துக்கொண்டு, சவூதியிலிருந்து மகன் அனுப்பும் பணத்தை மறைத்துக்கொண்டு விண்ணப்பம் போடுவது பொய்ச் சாட்சியமும் பொது நிதியில் செய்யும் மோசடியும் ஆகும். அந்தப் பணம் ஹலால் ஆகாது. தகுதியற்றவர் துணிந்து வாங்குவதும் தகுதியுள்ளவள் வெட்கி ஒதுங்குவதுமாக நிலைமை இருப்பது நம் தர்பியத்தின் தோல்வி.

வக்ஃபு விஷயத்தில் நாம் பேச வேண்டியது இதைவிடக் கசப்பானது. 1985இல் ஷாபானு தீர்ப்பு வந்தபோது நாடெங்கும் தெருவில் இறங்கினோம். எங்கள் பெண்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று உரக்கச் சொன்னோம். 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (விவாகரத்து உரிமைப் பாதுகாப்பு) சட்டம் அந்தச் சொல்லை நம் கையில் அப்படியே எழுதிக் கொடுத்தது. இத்தாவுக்குப் பிறகும் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவளை அவளுடைய வாரிசு உறவினர்கள் பராமரிக்க வேண்டும். அவர்களுக்கும் இயலாது என்றால் மாநில வக்ஃபு வாரியம் தொகை வழங்க வேண்டும் என்று 4ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது, ஆதரவற்ற முஸ்லிம் பெண்ணின் கடைசிப் புகலிடமாகச் சட்டமே வக்ஃபை நிறுத்தியது.

அதற்குப் பின் நடந்தது என்ன? நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு விவாகரத்தான பெண் அந்தப் பிரிவின்படி வாரியத்திடம் ஜீவனாம்சம் கேட்டார். முதலில் உறவினர்கள் ஒவ்வொருவர் மீதும் வரிசையாக வழக்குத் தொடுத்துத் தோற்றுவிட்டு வந்தால்தான் வாரியத்திடம் கேட்க முடியும் என்று தமிழ்நாடு வக்ஃபு வாரியம் உச்சநீதிமன்றம் வரை சென்று வாதாடியது. 1996இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உறவினர்களால் இயலாது என்பதை எடுத்துரைத்து ஒரே வழக்கில் வாரியத்திடமே அவள் நேரடியாகக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஏழைகளுக்காக முன்னோர் எழுதிவைத்த சொத்தைக் காக்கும் வாரியம், ஓர் ஏழைப் பெண்ணுக்கு எதிராக நாட்டின் உச்ச மன்றத்தில் நின்று தோற்றது. அதற்காக நம்மில் எத்தனை பேர் தெருவில் இறங்கினோம்?

2001 செப்டம்பரில் டேனியல் லத்தீஃபி வழக்கில், மனைவியின் எதிர்கால வாழ்வுக்கும் போதுமான ஏற்பாட்டை இத்தா காலத்துக்குள்ளேயே கணவன் செய்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்துக்கு விளக்கம் தந்தது. 2024 ஜூலை 10 அன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கும் வழியும் முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தீர்ப்பின்போதும் நம் அமைப்புகள் அறிக்கை வெளியிட்டன. ஆனால் தீர்ப்பு பிறக்கக் காரணமான அந்தப் பெண் ஏன் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது என்று கேட்ட அறிக்கையை நாம் காணவில்லை. நம் வாசலில் நீதி கிடைத்திருந்தால் அவள் அந்த வாசலுக்குப் போயிருக்கமாட்டாள். நாம் காலியாக விட்ட இடத்தில்தான் நீதிமன்றம் வந்து அமர்ந்தது.

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள நாம் விரும்பவில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் நாளையே தொடங்கக்கூடிய காரியங்கள் சில உண்டு.

முதலாவது, தப்தரில் எழுதப்படும் ஒவ்வொரு நிகாஹையும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எல்லா மதத்தினருக்கும் கட்டாயம். 90 நாள்களுக்குள் செய்ய வேண்டும். திருமணத்துக்கே சான்று இல்லாதவள் பிற்காலத்தில் தான் கைவிடப்பட்டதை எப்படி மெய்ப்பிப்பாள்?

இரண்டாவது, தலாக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். சமரசத்துக்கு முயல்வது ஜமாஅத்தின் கடமை. அது பலிக்கவில்லை என்றால் பெண்ணைக் கையோடு அழைத்துச் சென்று மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேர்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு நஃபகா இன்மையை நிறுவித் திருமண முறிவுத் தீர்ப்புப் பெற்றுவிட்டால், 5 ஆண்டுக் காத்திருப்பு தேவைப்படாது. சட்டப்படி விவாகரத்தானவர் என்ற தகுதியிலேயே அவள் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, கைவிடப்பட்டவள் என்பதற்கு ஜமாஅத் தரக்கூடிய பயனுள்ள காகிதம் ஒன்று உண்டு. கணவன் எந்தத் தேதியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை, எப்போதிலிருந்து செலவுக்குக் கொடுக்கவில்லை என்பதை அந்தந்தக் காலத்திலேயே தப்தரில் பதிந்து வைக்க வேண்டும். வருவாய்த் துறையிடம் கைவிடப்பட்ட பெண்ணுக்கான சான்றிதழ் கேட்கும்போது, கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது, அந்தத் தேதிகளைச் சாட்சியத்தோடு சொல்ல ஜமாஅத்தாரில் இருவர் முன்வர வேண்டும். தீர்ப்பெழுதும் அதிகாரம் நமக்கில்லை. சாட்சி சொல்லும் கடமை நமக்குண்டு. சாட்சியத்தை மறைப்பதைக் குர்ஆன் பாவம் என்கிறது.

நான்காவது, அரசின் தொகை வந்து சேரும் வரை ஊர் பைத்துல்மாலிலிருந்து அவளுக்கு மாதந்தோறும் ஒரு தொகை செல்ல வேண்டும். கந்தூரிக்கும் ஆண்டு விழாவுக்கும் வண்ண விளக்குக்கும் வசூலிக்கும் ஊரால் இது முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். மாவட்டந்தோறும் ஆட்சியரின் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இயங்குகிறது. அது திரட்டும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் வழங்குகிறது. நம் ஊர்ச் செல்வந்தர்களின் ஸதகாவில் ஒரு பங்கு அங்கே சென்றால், அதனோடு அரசின் பணமும் சேர்ந்து நம் பெண்களுக்கே திரும்பி வரும்.

ஐந்தாவது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். திங்கள்கிழமைகளில் ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவளைத் தனியே அனுப்பாமல், ஜமாஅத் பொறுப்பாளர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். பள்ளிவாசலுக்குப் பட்டா வாங்கப் பத்து முறை ஆட்சியரகம் செல்லும் நாம், ஒரு பெண்ணின் உணவுக்காக ஒரு முறை செல்லக் கூடாதா?

விதவைக்காகவும் ஏழைக்காகவும் பாடுபடுகிறவர் அல்லாஹ்வின் பாதையில் போராடுகிறவருக்கு ஒப்பானவர் என்ற கருத்திலமைந்த நபிமொழியைப் புகாரீயிலும் முஸ்லிமிலும் நாம் ஓதிக்கொடுக்கிறோம். அந்தப் பாடுபடுதல் நம் காலத்தில் எப்படி இருக்கும்? விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பதாக, குடும்ப அட்டையில் பெயர் திருத்த உதவுவதாக, வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் அவளோடு அரை நாள் காத்திருப்பதாகத்தான் இருக்கும். அதில் மேடையும் இல்லை, மாலையும் இல்லை. அதனால்தானோ என்னவோ அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

முத்தவல்லிகளுக்கும் நாட்டாண்மைகளுக்கும் நாம் பணிவோடும் கண்டிப்போடும் சொல்வது இதுதான். உங்கள் கையிலுள்ள முத்திரை ஓர் அமானிதம். அதை அந்தப் பெண்ணை அனுப்பிவைப்பதற்காகப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் தப்தரைத் திறந்து, சென்ற பத்து ஆண்டுகளில் நீங்கள் கடிதம் கொடுத்து அனுப்பிய பெண்கள் யார் யார் என்று பெயரெழுதுங்கள். அவர்களில் எவருக்கு உதவித்தொகை வருகிறது, எவருக்கு வரவில்லை என்று வீட்டுப் பெண்களை அனுப்பி விசாரியுங்கள். வராதவர்களின் பட்டியலே உங்கள் நிர்வாகத்தின் உண்மையான ஆண்டறிக்கை.

அநீதிக்குள்ளானவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை அஞ்சி நடக்கும் சமுதாயமாக நம்மை அவன் ஆக்கியருள்வானாக. ஆமீன்.